இரத்த அழுத்தமும் பக்கவாதமும்: ஒரு வேரின் வரலாறு

அரபு மருத்துவ நூல்களில் ஒருசேரப் பேசப்படும் இரு நோய்கள் உண்டு. ஒன்று 'ஸக்தா'; மற்றொன்று 'ஃபாலிஜ்'. ஸக்தா என்பது 'மௌனமானான்' என்னும் பொருள் தரும் வினையடியினின்று பிறந்த சொல். நின்றவன் நின்றபடியே சாய்ந்து, பேச்சும் உணர்வும் அடங்கிப்போவதை அது குறிக்கும். ஃபாலிஜ் என்பதோ 'இரண்டாகப் பிளத்தல்' என்னும் பொருளுடையது. உடலின் ஒரு பாதி உயிரோட்டத்துடன் இருக்க, மறுபாதி செயலற்றுக் கிடக்கும் நிலையே அது. நம் தமிழில் வழங்கும் 'பக்கவாதம்' என்னும் சொல்லும் இதே காட்சியைத்தான் சுட்டுகிறது. பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் 'கை கால் இழுத்துக்கொண்டது' என்பார்கள். மொழிகள் வேறாயினும் மனிதன் கண்ட துயரம் ஒன்றே என்பதற்கு இச்சொற்களே சான்று.

விளைவுக்குப் பெயரிட்ட முன்னோர் அதன் காரணத்தை அறிந்திருந்தனரா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. அந்தக் காரணம் அறியப்பட்ட வரலாற்றிலும், அதற்கு மருந்து காணப்பட்ட வரலாற்றிலும் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும், ஹகீம் ஒருவரின் பெயருக்கும் மறுக்கவியலாத பங்குண்டு. அவ்வரலாற்றை அறிவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்றும் நடந்துகொண்டிருக்கும், தடுத்திருக்கக்கூடிய பல துயரங்களின் விடை அதில் அடங்கியிருக்கிறது என்பதற்காகவே.

நாடி பார்த்தவர்களும் அளந்தவர்களும்

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' நூலின் முதற் பாகத்தில் நாடி பற்றி மிக விரிவாக எழுதினார். நாடியின் அகலம், விரைவு, வலிமை, ஒழுங்கு, தொடும்போது உணரப்படும் கடினம் அல்லது மென்மை ஆகியவற்றை அவர் வகைப்படுத்திய நுட்பம் வியப்புக்குரியது. தலை முதல் கால் வரையிலான நோய்களைக் கூறும் மூன்றாம் பாகத்தில் ஸக்தாவையும் ஃபாலிஜையும் விளக்கினார். ஆயினும் விரல் நுனியில் உணர்ந்த நாடியின் கடினத்துக்கும், மூளையில் நேரும் இந்த விபத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணால் நிறுவும் கருவி அக்காலத்தில் எவரிடத்தும் இல்லை.

1658ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் என்னும் மருத்துவர், இந்நோயால் இறந்தோரின் உடல்களை ஆய்ந்து, மூளையில் இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டு எழுதினார். 1733இல் இங்கிலாந்தின் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ் குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழலைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் எழுகிறது என்று அளந்ததை வெளியிட்டார். மனிதனுக்குத் தீங்கின்றி அளக்கும் வழி அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்தே கிட்டியது. 1896இல் இத்தாலியின் ரீவா-ரொச்சி கையில் சுற்றும் பட்டையை அமைத்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், அப்பட்டையின் காற்றை இறக்கும்போது குழாயில் எழும் ஒலியைக் கேட்டு மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் தனித்தனியே குறிக்கும் முறையைக் கூறினார். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஒருவர் நம் கையில் பட்டையைச் சுற்றும்போது, இந்த இருவரின் அறிவே அங்கே செயற்படுகிறது.

அறிந்தும் செய்வதறியாத காலம்

அளக்கக் கற்றுக்கொண்ட பின்னரும் மருத்துவ உலகம் நெடுநாள் தயங்கிற்று. குறுகிப்போன குழாய்களில் இரத்தத்தைச் செலுத்த உயர்ந்த அழுத்தம் உடலுக்குத் தேவையானது, அதைக் குறைத்தால் தீங்கு நேரும் என்று பெரிய மருத்துவர்கள் பலர் நம்பினர். குறைக்கத்தக்க நல்ல மருந்தும் அவர்களிடம் இல்லை.

இந்நிலைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய அழுத்தம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிவந்தது மருத்துவக் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் உலகின் வரைபடத்தை முடிவுசெய்ய அமர்ந்தபோது அவர் தளர்ந்திருந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் தலையின் பின்புறம் கடும் வலி என்று கூறிச் சாய்ந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300க்கு 190. மூளையில் இரத்தக் கசிவால் அன்றே இறந்தார். உலகின் மிகப் பெரிய அதிகாரம் படைத்த மனிதருக்குக் கொடுக்க, அந்நாட்டு மருத்துவர்களிடம் ஓய்வும் உணவுக் கட்டுப்பாடும் தூக்க மருந்தும் தவிர அதிகம் இல்லை.

அதே ஆண்டுகளில் இந்திய நகரங்களின் மருந்துக் கடைகளில், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் வேர் ஒன்று தூளாகவும் மாத்திரையாகவும் விற்பனையாகிக்கொண்டிருந்தது என்பதுதான் வரலாற்றின் விந்தை.

அஸ்ரோல் என்னும் வேர்

வடமொழியில் 'சர்ப்பகந்தா' எனவும், யூனானியில் 'அஸ்ரோல்' எனவும் வழங்கும் செடியின் வேர் அது. பாம்புக் கடிக்கும், மனக் கலக்கத்துக்கும், தூக்கமின்மைக்கும் நம் நாட்டார் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தனர். மேனாட்டார் அச்செடிக்கு 'ரவுல்ஃபியா' என்று பெயரிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஷாம், இராக் நாடுகளில் பயணம் செய்த லியோன்ஹார்ட் ரவுல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை!

டெல்லியின் ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) காங்கிரஸ் மகாசபையின் 1921 அகமதாபாத் மாநாட்டுத் தலைவராகவும், ஜாமியா மில்லியாவின் முதல் வேந்தராகவும் அறியப்பட்டவர். ஆனால் அவர் நெஞ்சில் முதலிடம் பெற்றது திப்பு மருத்துவமே. முன்னோர் நூலை மனப்பாடம் செய்வதோடு நின்றால் அம்மருத்துவம் நலிந்துவிடும், அதன் மருந்துகளை இன்றைய ரசாயன அறிவின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். அவர் அமைத்த ஆயுர்வேத யூனானி திப்பியா கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்தார். அங்கு ஆராய்ச்சிக்கூடம் அமைக்க அவர் தேர்ந்தெடுத்தவர் ஜெர்மனியில் பயின்ற இளம் வேதியியலார் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி (1897–1994).

1931இல் ஸித்தீக்கியும் ரஃபத் ஹுஸைன் ஸித்தீக்கியும் அஸ்ரோல் வேரிலிருந்து சில படிகப் பொருள்களைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அவற்றில் ஒன்றுக்கு, அதற்குள் மறைந்துவிட்ட ஹகீம் சாஹிபின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டனர். இன்றும் இதயத் துடிப்பின் ஒருவகைக் கோளாற்றைக் கண்டறியும் சோதனையில் உலகின் பல மருத்துவமனைகளில் அஜ்மலின் பயன்படுகிறது. மருந்தைச் செலுத்தும் மருத்துவர்களில் எத்தனை பேர் அப்பெயரின் உரியவரை அறிவர்!

அதே 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேரின் தூள் மனநோயை மட்டுமன்றி உயர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். 1949இல் பம்பாயின் இதய மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்து அளந்து கண்ட முடிவுகளைப் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். மேனாட்டார் அதன் பின்னரே விழித்துக்கொண்டனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் முதன்மை ஆற்றலுடைய பொருளைப் பிரித்து 'ரெஸர்பின்' என்று பெயரிட்டனர். 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஹகீம், முஸ்லிம் வேதியியலார், வங்காள வைத்தியர், பார்ஸி மருத்துவர், சுவிஸ் நிறுவனத்தார் எனப் பலர் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்த அறிவு இது. இதனை 'இங்கிலீஷ் மருந்து' என்றோ 'நம் மருந்து' என்றோ ஒரு பக்கமாகச் சொந்தம் கொண்டாடுவதற்கு இடமில்லை.

ஐயம் தீர்ந்த ஆண்டுகள்

மருந்து கிடைத்தது. அழுத்தம் குறைந்தது. ஆனால் அழுத்தம் குறைந்தால் பக்கவாதம் குறையுமா? இதனை ஐயந்திரிபற நிறுவியவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஃப்ரைஸ். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் அவர் நடத்திய சோதனையில் ஒரு சாராருக்கு மருந்தும், மறு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. தரப்பட்ட மூன்று மருந்துகளுள் ஒன்று, நம் அஸ்ரோல் வேரின் ரெஸர்பின்!

1967இல் வெளியான முதல் முடிவு, கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரைப் பற்றியது. போலி மாத்திரை உண்டோரில் 27 பேருக்குக் கடும் விளைவுகள் நேர்ந்தன. மருந்துண்டோரில் இருவருக்கே நேர்ந்தன. 1970இல் வெளியான இரண்டாம் முடிவு, கீழ் அழுத்தம் 90 முதல் 114 வரை இருந்த 380 பேரைப் பற்றியது. போலி மாத்திரைப் பிரிவில் 20 பேருக்குப் பக்கவாதம். மருந்துப் பிரிவில் 5 பேருக்கு மட்டும். 1991இல் வெளியான மற்றோர் ஆய்வு, அறுபது வயது கடந்தோருக்கு மேல் அழுத்தம் மட்டும் உயர்ந்திருந்தாலும் அதைக் குறைப்பது பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கிறது என்று காட்டிற்று. 'வயதானால் பிரஷர் இருக்கத்தானே செய்யும்' என்னும் பேச்சுக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. ஒருமுறை பக்கவாதம் கண்டவர்க்கும் மருந்து பயன்தரும் என்பதை 2001இல் வெளியான பன்னாட்டு ஆய்வு மெய்ப்பித்தது. மறுமுறை தாக்கும் வாய்ப்பு அதில் நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். 1950களில் ரெஸர்பினை மிகுந்த அளவில் உண்டோரிடம் மனச்சோர்வு உள்ளிட்ட தீங்குகள் காணப்பட்டன. பின்னர் அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் போன்ற மருந்துகள் வந்தன. ரெஸர்பினின் இடம் சுருங்கிற்று. வேரின் பெருமையைப் படித்துவிட்டு எவரும் சர்ப்பகந்தாத் தூளை வாங்கித் தாமே உண்ணத் தொடங்கலாகாது. வேருக்கு வேர் ஆற்றலின் அளவு மாறும். உண்டுவரும் பிற மருந்துகளோடு மோதும். அளந்து பார்த்து ஏற்பதும், அளந்து பார்த்து விடுப்பதுமே ஹகீம் அஜ்மல் கான் விரும்பிய வழி.

வில்லியனூரும் பாகூரும்

மருந்தின் கதை இவ்வாறிருக்க, அது வந்து சேர வேண்டிய ஊர்களின் கதையைக் காண்போம். புதுச்சேரிக்கு மேனாட்டு மருத்துவக் கல்வி வந்தது பழையது. 1823இல் பிரெஞ்சுக்காரர் இங்கு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். அதன் வழித்தோன்றலான கல்லூரி 1964இல் ஜிப்மர் ஆயிற்று. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம் உள்ளது. பாகூர் கொம்யூனின் பிள்ளையார்குப்பத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தத்தை விலையின்றி அளக்கிறார்கள். மாத்திரையும் விலையின்றித் தருகிறார்கள். 1945இல் ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாதது இன்று பாகூரின் உழவர்க்குக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.

எனினும் பக்கவாதம் ஒழிந்தபாடில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 வயது கடந்த பெண்களில் நூற்றுக்கு 21.3 பேரும், ஆண்களில் 24 பேரும் உயர் அழுத்தம் உடையவர்களாகவோ அதற்கு மருந்துண்பவர்களாகவோ இருக்கின்றனர். உலக அளவில் இந்நோயுள்ளோரில் பாதிக்கு நெருங்கியவர்கள் தமக்கு நோயிருப்பதையே அறியார். ஐவரில் ஒருவர்க்கே அது கட்டுக்குள் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. குறை மருந்திடம் இல்லை, தொடர்ச்சியிடம் இருக்கிறது.

இதற்குக் காரணங்களை நாம் நம் மக்களின் வாய்மொழியிலேயே கேட்கிறோம். 'உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு மாத்திரை?' என்பார் ஒருவர். உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று எண்ணுவது தவறு. 'சோதித்தேன், சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்' என்பார் மற்றொருவர். 'ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டுமாம், ஆகவே தொடங்கவே இல்லை' என்பார் இன்னொருவர்.

இவர்களுக்குப் பாகூர் ஏரியே பாடம் சொல்லும். கரை உடையாமல் நிற்பதைக் கண்டு, இனிக் கரைக்கு மராமத்து வேண்டாம் என்று எந்த ஊராரும் தீர்மானிப்பதில்லை. மராமத்து நடப்பதால்தான் கரை நிற்கிறது. அழுத்தம் 130 என்று காட்டுவது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். மாத்திரை தேவையில்லை என்பதன் அடையாளம் அன்று. ஆண்டுக்கணக்கில் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் மூளையின் நுண்ணிய குழாய்ச் சுவர் தடித்து நலிகிறது. ஒருநாள் அது அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. மாத்திரை இதற்கு அடிமைப்படுத்துவதன்று, கரையைக் காப்பது. எடை குறைந்து, உப்புக் குறைந்து, நடை கூடினால் மாத்திரையின் அளவைக் குறைக்கவும் மருத்துவர் இசையலாம். அம்முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

சோறும் உப்பும்

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். ஆகவே சோற்றைப் பற்றி ஒரு செய்தி. 1940களில் அமெரிக்காவில் வால்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், கடும் அழுத்தமுடைய நோயாளிகளுக்கு உப்பில்லாச் சோறும் பழங்களும் மட்டுமே தந்து, பலருக்கு அழுத்தம் இறங்கக் கண்டார். ஆகையால் அழுத்தத்துக்குச் சோறு பகையன்று. சோற்றோடு சேரும் உப்பே பகை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பழைய சோற்றில் இடும் உப்பு, தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், கடலோரக் கருவாடு, அப்பளம், விருந்தின் பிரியாணி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் நம் கணக்கு எங்கே நிற்கும் என்பதை வாசகர்களே உணர்வர். 2021இல் வெளியான சீன ஆய்வு ஒன்று, 600 சிற்றூர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டது. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பயன்படுத்திய ஊர்களில் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்திருந்தது. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் அவ்வுப்பை மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

ரமளான் மாதத்தில் மற்றோர் இடர் நேர்கிறது. பகல் மாத்திரையை விட்டுவிடுவதோடு, சிலர் மாதம் முழுவதுமே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சென்றால், பலருக்கு ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னரோ ஒருவேளை உண்ணத்தக்க மருந்தாக மாற்றித் தர இயலும். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை உலமாக்கள் எடுத்துரைப்பதும் கடமையாகும்.

நேரமே உயிர்

தடுப்பையும் மீறித் தாக்கினால் என்செய்வது? முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி, தாக்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா கசிவா என்று தெளிந்த பின்னரே அதைப் போடுவர். வாயில் எதையும் ஊற்றாதிருப்பதும், எண்ணெய் தேய்க்கவும் மந்திரிக்கவும் நேரத்தைப் போக்காதிருப்பதும் இன்றியமையாதன.

ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் செப்பேடு கூறுகிறது. கற்றலைப் போற்றிய அம்மண்ணில் இன்று ஒவ்வொருவரும் கற்க வேண்டியவை இரண்டு எண்களே: தம் மேல் அழுத்தம், தம் கீழ் அழுத்தம். 140க்கு 90 என்னும் எல்லையை அவை தொட்டால் மருத்துவரை நாட வேண்டும். முப்பது வயது கடந்தவர் ஆண்டுக்கொருமுறையேனும், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் அளந்துகொள்ள வேண்டும்.

இதற்கு நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கது பெரிதன்று. மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அளக்கும் கருவியோடு சுகாதாரப் பணியாளர் ஒருவரை அமர்த்தலாம். அளந்தவர் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த மாதம் வராதவரை வீடு சென்று விசாரிக்கலாம். ஸுல்தான்பேட்டையில் தொடங்கினாலும், எல்லாச் சமயத்தாரும் வந்து அமரும் திண்ணையாக அது இருக்கட்டும். வேரைக் கண்டவர்களும் வேரிலிருந்து மருந்தைப் பிரித்தவர்களும் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டனர். எஞ்சியிருப்பது, அந்த மாத்திரை நாளை காலையும் உண்ணப்படுகிறதா என்று கேட்கும் பணி. அது நம்முடையது.